நெட் கொடுக்காத ஸ்மார்ட் டிவி: யாருக்கு எது தெரியாமல் போகும்?

கேள்வி இதுதான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒருவர் 43 அங்குல ஸ்மார்ட் டிவி வாங்கியிருக்கிறார். வைஃபை கொடுக்காமல் கேபிள் பாக்ஸும் பென் டிரைவும் மட்டும் மாட்டிவிட்டால், வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்பது வெளியே போகாமல் இருக்குமா என்று கேட்கிறார். “எச்டிஎம்ஐ வயர் வழியாவே டிவி எல்லாத்தையும் படிச்சிரும், நெட் இல்லாட்டியும் பிரயோஜனமில்லை” என்று அவர் தம்பி சொல்கிறாராம். (பாக்ஸிலிருந்து டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுவரும் வயர்தான் எச்டிஎம்ஐ.) இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. டிவியால் பார்க்க முடியுமா என்பது ஒன்று. பார்த்ததை வெளியே சொல்ல முடியுமா என்பது இன்னொன்று. தம்பி முதல் கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லி, அதையே இரண்டாவதுக்கும் பதிலாக எடுத்துக்கொண்டார்.

நான் சித்தூர் தாலுகாவில் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் இல்லை) கேரள–தமிழ்நாட்டு எல்லைக்கு இரண்டு பக்கமும் டிவி சர்வீஸ் பார்க்கிறவன். பிக்சர் டியூப் காலத்தில் கற்ற தொழில். டிவிக்குள் கம்ப்யூட்டர் வந்த பிறகு நெட்வொர்க் வேலையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. போர்டு, வயரிங், ரவுட்டர் பற்றிச் சொல்வது கை வைத்துப் பார்த்த வேலை. கம்பெனிகளின் சர்வரில் என்ன நடக்கிறது என்பது வழக்குகளிலும் ஆய்வுகளிலும் வெளிவந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் டிவி எப்படிப் பார்க்கிறது என்பது. ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் ஏசிஆர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. திரையில் ஓடும் படத்திலிருந்தோ ஒலியிலிருந்தோ அடிக்கடி ஒரு துண்டை எடுத்து, அதைச் சின்ன அடையாளக் குறியாகச் சுருக்கி, சர்வருக்கு அனுப்பும். சர்வரில் நிகழ்ச்சிகள், படங்கள், விளம்பரங்களின் குறிகள் ஏற்கெனவே இருக்கும். இரண்டும் பொருந்தினால் இந்த வீட்டில் இந்த நேரத்தில் இது ஓடியது என்று தெரிந்துவிடும். குறி எடுப்பது திரையில் வந்த பிம்பத்திலிருந்து என்பதால், அது ஆன்டெனாவில் வந்ததா, கேபிள் பாக்ஸில் வந்ததா, லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வழியே வந்ததா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தம்பி சொன்னது இந்த அளவில் முழு உண்மை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்களும் வேறு சில பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து சாம்சங், எல்ஜி டிவிகளின் நெட்வொர்க் போக்குவரத்தை அளந்து 2024-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிவியை வெறும் மானிட்டர் போல எச்டிஎம்ஐயில் மட்டும் பயன்படுத்தினாலும் ஏசிஆர் வேலை செய்தது என்பது அவர்களின் முக்கியமான கண்டுபிடிப்பு. ஆனால் அந்த டிவிகள் நெட்டில் இணைந்திருந்தவை. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும்போது இந்தப் பாதி கழன்று விழுந்துவிட்டது.

இது வெறும் சந்தேகம் இல்லை என்பதற்கு இன்னும் பழைய ஆதாரங்களும் உண்டு. அமெரிக்காவில் விசியோ என்ற டிவி கம்பெனி 2014 முதல் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் வினாடிக்கு வினாடி பார்வைத் தகவலைச் சரியாகச் சொல்லாமல் எடுத்து விற்றது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2017-இல் அந்தக் கம்பெனி 22 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அதற்கு முன்பே 2013-இல் இங்கிலாந்தில் ஒருவர் தன் எல்ஜி டிவியை ஆராய்ந்து பார்த்தபோது, சேனல் மாற்றும்போதெல்லாம் தகவல் போவதோடு, பென் டிரைவில் இருந்த கோப்புகளின் பெயர்களும் போவது தெரிந்தது. செட்டிங்கில் அணைத்து வைத்த பிறகும் போனது. எல்ஜி பிறகு மென்பொருளைத் திருத்துவதாகச் சொன்னது. 2025 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலம் சோனி, சாம்சங், எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஆகிய ஐந்து கம்பெனிகள் மீது ஏசிஆர் குறித்து வழக்குப் போட்டது. வழக்கு போட்டதாலேயே குற்றம் நிரூபணமாகிவிடாது. ஆனால் விஷயம் பழங்கதை ஆகிவிடவில்லை என்று தெரிகிறது.

இனி இரண்டாவது கேள்வி. குறி எடுத்தாலும் அது சர்வருக்குப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும். நம் வீட்டு டிவிக்கு இரண்டே வழிகள்: வைஃபை, பின்னால் இருக்கும் லேன் போர்ட் (நெட் வயர் மாட்டும் துளை). இரண்டும் இல்லையென்றால் டிவி கண்ணால் கண்டதை யாரிடமும் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் யோசனை சரி. டிவி கம்பெனியைப் பொறுத்தவரை நெட் கொடுக்காமல் இருப்பதுதான் இருக்கிற வழிகளிலேயே எளியது, உறுதியானது. செட்டிங்கில் ஒவ்வொன்றாகத் தேடி அணைப்பதைவிட இது மேல். அப்டேட் வந்து செட்டிங்கை மாற்றிவிடுமோ என்ற பயமும் இல்லை.

எச்டிஎம்ஐ வயரிலேயே நெட் போகும் என்று சிலர் சொல்வது எங்கிருந்து வந்தது என்றால், 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 விதிமுறையில் வயருக்குள் ஈதர்நெட் (லேன் வயரில் போகும் நெட்வொர்க் இணைப்பு) அனுப்பும் வசதி ஒன்று சேர்க்கப்பட்டது. காகிதத்தில் இருந்தது, கடைக்கு வரவில்லை; அதைச் செயல்படுத்திய வீட்டுச் சாதனங்கள் மிக அரிது. “வித் ஈதர்நெட்” என்று வயர் அட்டையில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரு முனையிலும் இருக்கும் சாதனங்கள் அதற்குத் தயாராக இருந்தால்தான் அது வேலை செய்யும். எச்டிஎம்ஐயில் நிஜமாகவே போவது வேறு: டிவி தன் மாடல் பெயரையும் திரையின் அளவு விவரங்களையும் பாக்ஸுக்குச் சொல்லும். ஒரே ரிமோட்டில் இரண்டையும் இயக்கும் வசதி இருந்தால் ஆன், ஆஃப் கட்டளைகளும் போகும். நெட்டில் இருக்கும் ஒரு பாக்ஸை மாட்டினால், எந்த டிவியில் மாட்டியிருக்கிறது என்பது அந்தப் பாக்ஸுக்குத் தெரிய வழி உண்டு. படம் திரும்பிப் போகாது.

டிவி தானாகவே பக்கத்து வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே ரகசியமாக சிம் இருக்கும் என்றெல்லாம் பேச்சு உண்டு. நான் பிரித்த வீட்டு டிவி போர்டுகளில் சிம் பகுதியைப் பார்த்ததில்லை. பாஸ்வேர்டு இல்லாத வைஃபையில் டிவி தானாகப் புகுந்ததாக நிரூபிக்கப்பட்ட வழக்கும் என் கண்ணில் படவில்லை. நாளை எவனாவது செய்தால் செய்யலாம். நெட்வொர்க் நிலையைக் காட்டும் பக்கத்தை எப்போதாவது திறந்து “இணைக்கப்படவில்லை” என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பக்கத்து வீட்டுக்காரரிடமும் வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு போடச் சொல்லுங்கள், அது அவருக்குத்தான் நல்லது.

நிச்சயமாகச் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. நெட் இல்லாத நாட்களில் பார்த்தவற்றை டிவி உள்ளே சேமித்து வைத்து, பிறகு எப்போதாவது நெட் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடுமா? எல்லா மாடலுக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்குக் கிடையாது. ஏசிஆர் குறிகள் உடனுக்குடன் அனுப்புவதற்காகவே எடுக்கப்படுபவை, நீண்ட நாள் சேர்த்து வைக்க இடமும் காணாது. ஆனால் எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த இன்புட் அதிகம் பயன்பட்டது என்பது போன்ற கணக்குகள் சில மாடல்களில் உள்ளேயே இருக்கும். பேனல் ஓடிய மணிக்கணக்கை நாங்கள் சர்வீஸ் மெனுவிலேயே பார்ப்போம். அதனால் என் பழக்கம் இது: நெடுநாள் நெட் இல்லாமல் ஓடிய டிவியை ஏதோ காரணத்துக்கு இணைத்தே ஆக வேண்டுமானால், முதலில் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு இணைப்பேன். வேலை முடிந்ததும் மறுபடியும் ரீசெட்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். என் அனுபவத்தில் ஓட்டை இருப்பது இங்கேதான். டிவியின் வாயைக் கட்டிவிட்டோம், சரி. அதன் பின்னால் மாட்டும் பாக்ஸ்?

டிடிஹெச் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. டிஷ் வாங்கும், திருப்பி அனுப்பாது. நீங்கள் எந்தப் பேக்குக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். இரவு எட்டு மணிக்கு எந்த சீரியல் ஓடுகிறது என்பது தெரியாது. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பேக் என்ற பேச்சே இல்லை, அதனால் அந்த அளவுகூடத் தெரியாது. ஆனால் அதே டிடிஹெச் கம்பெனி ஆண்ட்ராய்டு பாக்ஸ் கொடுத்து, அதை வைஃபையில் இணைத்திருந்தால் கதை மாறிவிடும். பழைய ஒருவழி கேபிள் பாக்ஸுக்கும் டிடிஹெச்சுக்குச் சொன்னதே பொருந்தும்.

நம் பக்கத்தில் குழப்பம் ஃபைபரால் வருகிறது. கேரளாவில் கேபிள் ஆபரேட்டரே இன்டர்நெட்டும் கொடுப்பது சாதாரணம். ஒரே ஃபைபரில் இரண்டும் வீட்டுக்குள் வரும். வீட்டில் மாட்டியிருக்கும் வெள்ளை மோடம் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அதிலிருந்து டிவிக்கு உருண்டையான கோஆக்சியல் கேபிள், அதாவது பழைய கேபிள் டிவி வயர், போகிறது என்றால் டிவி சிக்னல் 1550 நானோமீட்டர் ஒளியில் தனியாக வருகிறது. அது ஒருவழி. பக்கத்திலேயே இன்டர்நெட் 1490-இல் வந்து 1310-இல் திரும்பிப் போகும், ஆனால் டிவி சிக்னலுக்குத் திரும்பும் வழி கிடையாது. மாறாக, மோடத்திலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு லேன் வயர் போகிறது, அல்லது பாக்ஸ் வைஃபையில் ஓடுகிறது என்றால் அது ஐபிடிவி வகை. அங்கே நீங்கள் சேனல் மாற்றுவதே சர்வருக்கு ஒரு கோரிக்கையாகப் போகிறது. ஆபரேட்டர் அதைப் பதிவு செய்கிறாரா என்பது வேறு விஷயம், தெரிந்துகொள்ள அவரால் முடியும். உங்கள் அப்பா வீட்டில் எந்த வயர் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஃபயர் ஸ்டிக், கூகுள் டிவி பாக்ஸ் மாதிரி ஏதாவது மாட்டப் போகிறீர்கள் என்றால், டிவி கம்பெனிக்குப் போக வேண்டியதை அமேசானுக்கோ கூகுளுக்கோ திருப்பிவிட்டீர்கள், அவ்வளவுதான். அதில் தப்பென்று சொல்லவில்லை. கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் ஏற்கெனவே கூகுள் இருக்கிறது. யூடியூபில் எதைப் பார்த்தாலும் யூடியூபுக்குத் தெரியத்தான் போகிறது. நாலு பேருக்குத் தெரிவதை இரண்டு பேராகக் குறைப்பதும் பிரயோஜனம்தான். பத்து வருடத்துக்குப் பிறகு டிவி கெட்டுப்போகாமல் அதன் மென்பொருள் மட்டும் கிழடுதட்டிப் போனால், ஸ்டிக்கைக் கழற்றிப் புதிது போடலாம் என்ற லாபமும் உண்டு. யாருக்கும் கணக்குச் சொல்லாத ஏற்பாடு வேண்டுமானால், ஒரு பழைய மினி கம்ப்யூட்டரிலோ ராஸ்ப்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரிலோ கோடி என்ற இலவச மென்பொருளைப் போட்டு, படங்களை ஹார்டு டிஸ்க்கில் வைத்துப் பார்க்கலாம். கொஞ்சம் கை ஓடுபவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். வயதான அப்பா அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக முடியாது.

இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்கும் ஒரு புகாரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். “வீட்டில நாங்க தமிழ்தான் பேசுறோம், டிவி முகப்பில மலையாளப் படமா வந்து நிக்குது, நாங்க பக்கத்து வீட்டுக்காரங்களோட மலையாளத்தில பேசுறத அது ஒட்டுக் கேக்குது போல.” ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. கேரள ஆபரேட்டர் கொடுக்கும் ஐபி முகவரி, அதாவது உங்கள் நெட் இணைப்பின் அடையாள எண், பெரும்பாலும் கேரளா என்றே காட்டும். அதோடு கணக்கின் விவரம், முன்பு பார்த்த படங்கள், எல்லாம் சேர்ந்து அந்த வரிசையை அடுக்குகின்றன. எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டு இணைப்பில் அதே டிவியை மாட்டினால் முகப்பு மாறினாலும் மாறும். மைக் உள்ள ரிமோட்டில் பொத்தானை அழுத்திப் பேசினால் குரல் சர்வருக்குப் போகும். நெட் இல்லையென்றால் அந்தப் பொத்தான் ஒன்றும் செய்யாது. சில டிவிகளில் உடம்பிலேயே மைக் இருக்கும், அதற்குத் தனியாக ஒரு ஸ்விட்ச்சும் வைத்திருப்பார்கள். அணைத்து விடுங்கள்.

சரி, அப்பா வீட்டில் எப்படி மாட்டுவது? புதுப் பெட்டியைத் திறந்து ஆன் செய்ததும் மொழி கேட்கும், வைஃபை கேட்கும். தவிர்க்கும் பொத்தான் ஓரத்தில் சின்னதாக இருக்கும், அதை அழுத்த வேண்டும். கூகுள் டிவி என்றால் ஆரம்பத்திலேயே ‘பேசிக் டிவி’ என்று ஒரு தேர்வு உண்டு. அதை எடுத்தால் கூகுள் கணக்கே கேட்காது, எச்டிஎம்ஐயும் ஆன்டெனாவும் வேலை செய்யும். நிபந்தனைகள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே தட்டில் சம்மதம் சொல்லாமல், பார்வைத் தகவல், விருப்பத்துக்கேற்ற விளம்பரம், குரல் என்று தனித்தனியாக இருப்பவற்றை டிக் செய்யாமல் விடுங்கள். நெட் இல்லாவிட்டாலும் இதைச் செய்துவைப்பது நல்லது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அப்புறம், ஆன் செய்ததும் முகப்புக்குப் போகாமல் கடைசியாகப் பார்த்த இன்புட்டுக்கே போகும்படி செட்டிங்கில் வழி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தினமும் காலையில் அப்பாவிடமிருந்து போன் வரும்: “டிவில ‘நெட் இல்லை’ன்னு வருது.”

பென் டிரைவில் படம் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் தனியுரிமை தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள் வரும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வைக்க முடியாது. படம் ஓடி சத்தம் வரவில்லையென்றால் அனேகமாக ஒலி டிடிஎஸ் வகையாக இருக்கும். பல டிவிகள் அதை ஏற்பதில்லை. டிவி கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். மென்பொருள் அப்டேட்டும் நெட் இல்லாமல் செய்யலாம்: கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டு வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் ஏற்ற வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் கோளாறு இருந்தால் ஒழிய நான் அப்டேட் செய்யச் சொல்ல மாட்டேன். நெட்டில் இருக்கும் டிவிக்குப் பாதுகாப்பு அப்டேட் அவசியம். நெட்டே இல்லாத டிவிக்குள் வெளியாள் புகும் வாசல் அனேகமாக அடைபட்டுவிட்டது.

அனேகமாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. போன் திரையை டிவியில் காட்டும் வசதிகளில் சில, ரவுட்டர் இல்லாமலே டிவியின் வைஃபை ரேடியோவை நேரடியாகப் பயன்படுத்தும். நெட் இல்லாவிட்டாலும் அந்த ரேடியோ உயிரோடு இருக்கும். டிவியின் பெயர் அக்கம்பக்கத்துப் போன்களில் தெரியும். வரிசை வீடுகளில் யாரோ தெரியாமல் அனுப்பிய படம் உங்கள் திரையில் அனுமதி கேட்டு நிற்கலாம். தேவையில்லை என்றால் அதையும் புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள்.

நெட் இல்லாமல் வைத்த டிவிகள் மறுபடி நெட்டுக்குப் போவது எப்படி என்று கேட்டால், நான் பார்த்தவரையில் அது டிவியின் சூழ்ச்சியால் நடப்பதில்லை. ஓணம் லீவுக்கோ தீபாவளிக்கோ பேரப்பிள்ளைகள் வருவார்கள். “என்ன தாத்தா, இதில யூடியூப்கூட வரலையா?” என்று போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிடுவார்கள். சம்மதப் பக்கம் வரும், எல்லாவற்றுக்கும் ஓகே. ஆறு மாதம் கட்டிக்காத்தது ஒரு சாயங்காலத்தில் போய்விடும். முன்னாலேயே டிக்குகளை எடுத்துவைக்கச் சொன்னது இதற்காகத்தான். 2024 ஆய்விலும், செட்டிங்கில் மறுத்த பிறகு ஏசிஆர் போக்குவரத்து நின்றுவிட்டது என்றே கண்டார்கள். அவர்கள் சோதித்தது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும். இந்திய மாடல்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் மறுத்து வைப்பதில் நஷ்டம் ஏதுமில்லை. சாம்சங்கில் ‘வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’, எல்ஜியில் ‘லைவ் பிளஸ்’, சோனியில் ‘சம்பா இன்டராக்டிவ் டிவி’ என்ற பெயர்களில் தேடுங்கள். செட்டிங்குக்கு ரகசிய எண் (PIN) போடும் வசதி இருந்தால் போடலாம். விருந்தாளிகள் போன பிறகு நெட்வொர்க் பட்டியலில் ‘மறந்துவிடு’ கொடுத்துவிடுங்கள். வீட்டில் ரவுட்டர் இருந்தால் அதிலேயே டிவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள நெட்வொர்க் அடையாள எண்) தடுத்துவிடுவது இன்னும் உறுதி, ஆனால் ஹாட்ஸ்பாட்டை அது தடுக்காது.

சட்டம் காப்பாற்றாதா என்றும் கேட்பீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. சம்மதம் கேட்பது, விவரம் சொல்வது போன்ற முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வருகின்றன. டிவி விஷயத்தில் அது எப்படிச் செயல்படும் என்பது சட்டம் படித்தவர்கள் சொல்ல வேண்டியது.

கடைசியாக, டிவியைச் சுவரில் மாட்ட வரும் பையன் வாரன்டி பதிவுக்கும் டெமோவுக்கும் நெட் வேண்டும் என்று வைஃபை பாஸ்வேர்டு கேட்பான். கொடுக்க வேண்டாம். வாரன்டிக்கு ஆதாரம் பில்லும் பின்புறம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரும்தான். பதிவை உங்கள் போனிலிருந்தே செய்துகொள்ளலாம். மாடல் எண்ணையும் மோடத்தின் பின்புறப் படத்தையும் இங்கே போட்டால், தவிர்க்கும் பொத்தான் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, வயர் ஒருவழியா இருவழியா என்று பார்த்துச் சொல்கிறேன். படத்தில் சீரியல் நம்பரை மட்டும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.